பெரியம்மா கரண்டியோட வந்து நிக்கறப்போ

போன பொங்கல் முடிஞ்ச வாரம் குன்னூர்ல என் ரூமுக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் சேர்ல உக்கார்றதுக்கு முன்னாடியே சொன்ன முதல் வார்த்தை "மேடம், திட்டாதீங்க". நான் யாரையும் திட்டினதில்ல, எப்படியோ அப்படி ஒரு பேர் வந்துடுச்சு. சில பேர் டாக்டரம்மான்னு கூப்பிடுவாங்க, டாக்டர் இல்லம்மா டயட்டீஷியன்னு சொன்னா "ஆமாங்க டாக்டரம்மா"ன்னு தலையாட்டுவாங்க. அது கெடக்கட்டும். மூணு மாசமா லோ கார்ப்னு சோத்தையும் இட்லியையும் அளந்து அளந்து சாப்பிட்டு சுகரை ஓரளவுக்கு இறக்கிக் கொண்டு வந்தவங்க, நாலு நாள் பண்டிகையில எல்லாம் போச்சுன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்து நிக்கறாங்க. அது எந்த ஓட்டை வழியா போச்சுன்னு இத்தனை வருஷமா அவங்க நோட்டைப் பாத்துப் பாத்து எனக்குப் புரிஞ்சதைத்தான் எழுதறேன்.

லோ கார்ப்னா என்னன்னு மொதல்ல சொல்லிடறேன். ஒரு நாளைக்கு மொத்த மாவுச்சத்து 130 கிராமுக்குக் கீழ இருந்தா பொதுவா அதை லோ கார்ப்னு சொல்றோம். 50 கிராமுக்கும் கீழ போனா கீட்டோ, அது வேற கதை, டாக்டர் பார்வை இல்லாம அதை நான் யாருக்கும் சொல்றதில்ல. ஒரு கப் வெந்த சோறு, சுமார் 150 கிராம், அதுல 40-லேர்ந்து 45 கிராம் மாவுச்சத்து இருக்கு. பந்தியில சாம்பாருக்குன்னு விழற மொதல் சோறே ரெண்டு கப்புக்குக் கொறையாது. நாம சாப்பிடற மொத்த கலோரியில ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்துதான் வருதுன்னு ஐசிஎம்ஆர்-இண்டியாப்ங்கற நாடு தழுவின சுகர் ஆய்வுல 2025-ல வெளியிட்டாங்க, அப்படின்னா 2000 கலோரி சாப்பிடறவருக்கு நாளுக்கு 310 கிராம். அங்கேர்ந்து 130-க்கு எறங்கறதுங்கறது சாதாரண விஷயம் இல்ல, அப்படி எறங்கினவங்க பண்டிகை வந்தா பயப்படறதுல நியாயம் இருக்கு.

ஆனா பயப்படற எடம் தப்பு. எல்லாரும் இலையப் பாத்து பயப்படறாங்க.

எங்கிட்ட வர்ற ஒரு அம்மா, எஸ்டேட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, சாப்பிடற ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதிடுவாங்க, பழைய கணக்குப் புள்ளை மாதிரி கோடு போட்டு. பொங்கல் அன்னிக்கு சக்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, வடை ஒண்ணு, சோறு ஒரு கப்பு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல சுகர் 212. சரி, பண்டிகை அன்னிக்கு அப்படித்தான், மறுநாள் காலையில எறங்கிடுச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் வெறும் வயித்து சுகர் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே போகுது, ஆனா சாப்பாட்டுப் பக்கம் பாத்தா சுத்தமா இருக்கு. ஏன்னு எனக்கும் புரியல. அப்புறம் பாத்தா ஓரத்துல பென்சில்ல சின்ன எழுத்துல "டீ, வர்க்கி 2", "டீ, அதிரசம் உடைஞ்சது", "டீ". ஒரு நாளைக்கு ஆறு தடவ. உடைஞ்ச அதிரசத்துக்கும் தூள் முறுக்குக்கும் கணக்கு கெடையாதுன்னு நம்ம வீடுகள்ல ஒரு சட்டமே இருக்கு போல.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு டீஸ்பூன் சர்க்கரை நாலஞ்சு கிராம், டீக்கு ரெண்டு ஸ்பூன், ஆறு டீன்னா பன்னெண்டு ஸ்பூன், அதுவே 50-லேர்ந்து 60 கிராம், ஒரு கப் சோத்தையே தாண்டிடுச்சு. இதுல வர்க்கி சேரல. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல புவிசார் குறியீடு கெடச்சதுல எனக்கும் பெருமைதான், ஆனா அது மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும்தான், டீயில முக்கினா கரையற வேகத்துல ரத்தத்துலயும் கரையும். இந்தக் குளிர்ல டீயக் கொறைங்கன்னு நான் சொல்லல, சொன்னாலும் இந்த மலையில எவன் கேப்பான். சர்க்கரைய மட்டும் எடுத்துடுங்க, பண்டிகைக்கு பத்து நாள் முன்னாடியே ரெண்டு ஸ்பூன ஒண்ணாக்கி, ஒண்ண அரையாக்கி எறக்கிட்டு வந்தா நாக்கு பழகிடும். சொந்தக்காரங்க வீட்டுல டீ போடறப்பவே அடுப்படிக்குப் போய் நின்னு "எனக்கு சக்கர போடாம எடுத்துடுங்க அத்தை"ன்னு சொல்லிடணும், கலந்து தட்டுல வந்துட்டா அப்புறம் உங்க கையில இல்ல. மீதி பலகாரம் இருக்கற டின்ன விருந்தாளிங்க கீழ எறங்கறப்போ அவங்க பையிலயே குடுத்து அனுப்பிடுங்க. மேட்டுப்பாளையம் போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தைங்க காலி பண்ணிடும்.

இலைக்கு வர்றேன். எங்க பெரியம்மா வீடு கோத்தகிரி பக்கம், பொங்கலுக்கு நாங்க இருவது பேர் அங்கதான். நான் படிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எனக்கே ப்ரீ டயாபடிஸ், அதாவது சுகர் வர்றதுக்கு முந்தின கட்டம், அந்த எல்லையில நம்பர் வந்துச்சுன்னு, பந்தியில உக்காந்து கையால இலைய மறைச்சு "பெரியம்மா, நான் டயட்ல இருக்கேன், சோறு வேணாம்"னேன். அவ்வளவுதான். கரண்டி அப்படியே நிக்குது, பெரியம்மா கண்ணு கலங்குது, "ஏன்டி, என் கையால போட்டா சாப்பிட மாட்டியா", எதிர்ல இருந்து மாமா "அதெல்லாம் இந்தக் காலத்து வியாதி, எங்கப்பா மூணு வேளையும் சோறு தின்னு தொண்ணூறு வயசு இருந்தாரு", பக்கத்துல சித்தி "ஒரு நாளைக்குத் தின்னா ஒண்ணும் ஆகாது", அண்ணன் பொண்டாட்டிக்கு யூடியூப்ல பாத்த வெந்தயத் தண்ணி ஞாபகம் வந்துடுச்சு. கடைசியில வாக்குவாதத்த முடிக்கறதுக்காகவே ரெண்டு கரண்டி பொங்கல் தின்னேன். மத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்கற எனக்கே இந்த கதி.

அடுத்த வருஷம் வேற மாதிரி பண்ணேன். ரெண்டு நாள் முன்னாடியே போன் போட்டு, டயட்டுங்கற வார்த்தையே எடுக்காம, "பெரியம்மா, உங்க காலிஃபிளவர் மெளகு வறுவல் சாப்பிட்டு எத்தன நாளாச்சு, எனக்குன்னு தனியா ஒரு சட்டி வெச்சிருங்க, அவரைக்காப் பொரியலும் தேங்கா தூக்கலாப் போட்டு"ன்னேன். அன்னிக்கு பெரியம்மா கரண்டியோட எங்கிட்டதான் மொதல்ல வந்தாங்க, இலையில பாதி இடம் வறுவலும் பொரியலும் அடைச்சுக்கிச்சு, சோத்துக்கு மிச்சம் இருந்த எடமே ஒரு கைப்பிடிதான், அதை யாரும் கவனிக்கக்கூட இல்ல. பரிமாறறவங்களுக்கு வேணும்கறது நீங்க அவங்க கைப்பக்குவத்தை ஆசையா கேட்டு வாங்கறது, எந்தச் சட்டியிலேர்ந்து வாங்கறீங்கன்னு அவங்க பாக்கறதே இல்ல. என் பேஷண்ட்ஸ்கிட்ட இப்பல்லாம் நான் சொல்றது இதுதான், கொறைச்சுக் கேக்காதீங்க, ஜாஸ்தியாக் கேளுங்க, ஆனா எதை ஜாஸ்தியாக் கேக்கணும்னு வீட்டுலயே யோசிச்சுட்டுப் போங்க.

இன்னொண்ணு, சாப்பிடற வரிசை. காய், முட்டை, கறி, பனீர் இதெல்லாம் மொதல்ல சாப்பிட்டு சோத்தைக் கடைசியில சாப்பிட்டா, அதே அளவு சோத்துக்கும் சுகர் ஏறற உயரம் கொறையுதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. நம்ம இலையில இனிப்புதான் மொதல்ல விழும், சாஸ்திரத்துக்கு நாக்குல தொட்டு வெச்சுட்டு பொரியலுக்குப் போயிடுங்க, கடைசியில வேணும்னா அதுக்கு வரலாம், பாதிப் பேருக்கு வயித்துல எடம் இருக்காது. சாப்பிட்டு கால் மணி நேரம் நடங்க, இங்க எந்தப் பக்கம் நடந்தாலும் ஏத்தம் எறக்கம்தானே.

லோ கார்ப்புக்கு நம்ம மலை மாதிரி எடம் கெடையாதுங்க, அது தெரியாம கீழேர்ந்து விலை கூடின பாக்கெட் மாவெல்லாம் வரவழைக்கறாங்க. வெள்ளக்காரங்க காலத்துல கோயமுத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் தொரை 1819-ல இந்த மலைக்கு ஏறி வந்து, அப்புறம் இங்கிலீஷ் காய்கறிங்கள இங்க போட ஆரம்பிச்சதுலேர்ந்து முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், டர்னிப் எல்லாம் நம்ம வாசல்ல. காலிஃபிளவர் நூறு கிராம்ல மாவுச்சத்து அஞ்சு கிராம்தான், பட்டன் காளான் மூணு, அதுவும் இங்கயே வளக்கறாங்க, பட்டர் ஃப்ரூட்ல கொழுப்பும் நாரும்தான் அதிகம், சர்க்கரை போடாம உப்பு மெளகு எலுமிச்சை போட்டு சாப்பிட்டுப் பாருங்க. கேரட்டுக்கு ஏன் பயப்படறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல, நூறு கிராம்ல பத்து கிராமுக்குள்ளதான், கேரட் பொரியல் தின்னு சுகர் எகிறினவங்கள நான் பாத்ததில்ல. உருளைக்கெழங்கு வேற, அது காய் வேஷம் போட்ட சோறு. நம்ம ஊர்ல சோத்துக்குத் தொட்டுக்கவே உருளை வறுவல் வெப்பாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கறோம்.

வெல்லம், கருப்பட்டி, தேன், நாட்டுச் சக்கரை, எல்லாம் ரத்தத்துக்குள்ள போனா சர்க்கரைதான். தினைப் பொங்கல், ராகிக் களி நல்லதுதான், ஆனா அதுவும் மாவுச்சத்துதான், அளவு வேணும்.

சிலோன்லேர்ந்து வந்த குடும்பத்து அண்ணன் ஒருத்தர், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கப்புறம் இங்க வந்து தேயிலைத் தோட்டத்துல குடியேறினவங்க, தீபாவளின்னா அவங்க வீட்டுல தேங்கா ரொட்டியும் சம்பலும் இல்லாம விடியாது. ரொட்டிய விட்டுடணுமான்னு பாவமா கேட்டாரு. உங்களுக்கு எது அண்ணே ருசி, ரொட்டியா சம்பலான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சம்பல்தான் மேடம், ரொட்டி சும்மா அத எடுக்கறதுக்கு". சம்பல்ல தேங்கா, மொளகா, வெங்காயம், எலுமிச்சை, ஒண்ணும் பிரச்சனை இல்ல. இப்ப ஒரே ஒரு ரொட்டி, மிச்ச சம்பல் எல்லாம் முட்டை ஆம்லெட்டோட.

இனிமே சொல்றத மட்டும் ரெண்டு தடவ படிங்க. சுகர் மாத்திரை சாப்பிடறவங்க சோத்தைத் திடீர்னு கொறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மாத்திரை அளவைப் பேசியே ஆகணும். இது நான் பண்ண தப்புலேர்ந்து சொல்றேன். ஒரு பெரியவர், கிளிமிபிரைடுன்னு சுகரை எறக்கற மாத்திரை சாப்பிடறவர், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி போன்ல "சோத்தையே விட்டுட்டேன், சுகர் நல்லா எறங்குது"ன்னாரு, நானும் சபாஷ்னு சொல்லிட்டு வெச்சுட்டேன், மாத்திரை என்ன பண்ணீங்கன்னு கேக்கல. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி, வீட்டுல எல்லாரும் ஸ்வெட்டர் மங்கி குல்லா போட்டுட்டு உக்காந்திருக்காங்க, இவருக்கு மட்டும் நெத்தியில வேர்வை, கை நடுங்குது. குளிர் நடுக்கம்னு நெனச்சு கம்பளியப் போத்தி விட்டிருக்காங்க. நடுங்கறவனுக்கு ஏன் வேர்க்குதுன்னு கேட்டது மருமகதான், மீட்டர்ல பாத்தா 54. 70-க்குக் கீழ போனாலே ஆபத்து. மூணு டீஸ்பூன் சர்க்கரையத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு திரும்பப் பாத்து, அப்புறம்தான் உசுரு வந்துச்சு அந்த வீட்டுக்கு. நெனவு இல்லாதவங்களுக்கு மட்டும் வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே ஆஸ்பத்திரிதான்.

இன்சுலின் போடறவங்களுக்கும் இதே ஆபத்து உண்டு, நியூ இயர் பார்ட்டியில சாப்பிடாம சரக்கு போட்டா இன்னும் மோசம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சுகரை ஒண்ணுக்கு வழியா வெளியேத்தற மாத்திரை சாப்பிடறவங்க மாவுச்சத்தை ரொம்பக் கொறைச்சா சுகர் நார்மலா இருக்கறப்பவே ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஏறி ஆபத்தாகலாம். வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறது இருந்தா மீட்டர் நல்ல நம்பர் காட்டுதேன்னு வீட்டுல உக்காந்திருக்காதீங்க. கிட்னி பிரச்சனை உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, டைப் 1 உள்ளவங்க, நீங்க இதையெல்லாம் படிச்சுட்டு நீங்களா ஆரம்பிக்க வேணாம்.

மீட்டர்னதும் ஞாபகம் வருது. நெறைய மீட்டர் 10 டிகிரிக்குக் கீழ போனா எர்ரர் காட்டும், ஜனவரி காலையில நம்ம அடுப்படியே அதுக்குக் கீழதான் இருக்கும், கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாம ஸ்வெட்டர் பாக்கெட்ல கொஞ்ச நேரம் வெச்சிருந்து பாருங்க. வெரலையும் சுடுதண்ணியில கழுவித் தொடச்சுக்கங்க. அதிரசம் தொட்ட வெரல்ல பாத்துட்டு 300 வந்துடுச்சுன்னு அழுதுகிட்டே போன் பண்ணவங்க இருக்காங்க, கை கழுவிட்டுப் பாத்தா 160.

பண்டிகைக்கு மறுநாள் வெயிட் மெஷின்ல ஏறி நிக்காதீங்க. ஒடம்பு மாவுச்சத்தை கிளைக்கோஜனா மாத்தி சேத்து வெக்கும், அதுல ஒவ்வொரு கிராம் கூடயும் மூணு கிராம் தண்ணி சேந்தே நிக்கும், லோ கார்ப்ல மொதல் வாரம் மடமடன்னு எறங்கினதும் அதே தண்ணிதான், ஒரு நாள் சோத்துல ஒரு கிலோ ஏறறதும் அதே தண்ணிதான். அந்த ஒரு கிலோவப் பாத்து வெறுத்துப் போய் "இனிமே என்ன இருக்கு"ன்னு டின்னத் தொறக்கறவங்களத்தான் நான் அடுத்த வாரம் என் ரூம்ல பாக்கறேன்.

முந்தா நேத்து பெரியம்மா போன் பண்ணாங்க. இந்தத் தடவ காலிஃபிளவர் வறுவல் மாமாவுக்கும் வேணுமாம், சித்திக்கும் வேணுமாம், ஒரு சட்டி பத்தாதாம். "கோத்தகிரியில வெல ஏறிப் போச்சுடி, வர்றப்போ குன்னூர் மார்க்கெட்ல நாலு பூ வாங்கிட்டு வந்துடு, புழு இருக்கான்னு பாத்து வாங்கு."