பக்கத்து அறைக் கணினி ஏன் கண்ணில் படவில்லை?

எங்கள் வீட்டு மாடியறையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. அக்காவின் திருமணப் படங்களும், அப்பா பல மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்த குடும்ப வரலாறும் அதற்குள்தான் இருக்கின்றன. கீழே கூடத்தில் விண்டோஸ் 10 மடிக்கணினி. இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கின்றன. ரவுட்டரின் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் மடிக்கணினியில் ‘நெட்வொர்க்’ சன்னலைத் திறந்தால் மாடிக் கணினியைக் காணோம்.

இந்த நிலையில் கைக்குக் கிடைத்த அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். அது வீண் வேலை. கோப்புப் பகிர்வு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் நான்கு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலில் வழி இருக்க வேண்டும். பிறகு பெயர் தெரிய வேண்டும். பிறகு இரண்டு கணினிகளும் ஒரே மொழியில் பேச வேண்டும். கடைசியாக அனுமதி கிடைக்க வேண்டும். இவற்றில் எது தவறினாலும் பெரும்பாலும் ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்ற ஒரே செய்திதான் திரையில் வருகிறது. எந்தப் படியில் வண்டி நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

வழியைச் சோதிப்பது எளிது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். இரண்டு கணினிகளின் ஐபி முகவரிகளையும் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே 192.168 என்று தொடங்கி, மூன்றாவது எண்ணும் ஒன்றாக இருக்கும். ஒன்றில் மட்டும் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் அந்தக் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கேபிளையும் ரவுட்டரையும் கவனியுங்கள். விருந்தினருக்கான வைஃபையில் இணைந்த கருவிகளைப் பல ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேச விடுவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது பெயர். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறை நாம் நினைப்பதைவிட விசித்திரமானது. இதற்கு அடிப்படை, கணினிகள் பெயர் சொல்லி ஒன்றையொன்று அழைக்க உதவும் நெட்பயாஸ் என்ற முறை; 1983-இல் ஐபிஎம் கணினிகளுக்காக சைடெக் என்ற நிறுவனம் அதை உருவாக்கியது. அதில் ஒரு பெயருக்கு 16 இடங்கள். 15 இடங்கள் பெயருக்கு. 16-ஆவது இடம், அந்தக் கணினி என்ன சேவை தருகிறது என்ற குறியீட்டுக்கு. ‘மீனாட்சிசுந்தரம்’ என்று உங்கள் கணினிக்குப் பெயர் வைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் அது 17 எழுத்துகள். புதிய கணினி முழுப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நெட்பயாஸுக்குத் தெரிவது ‘மீனாட்சிசுந்தர்’ மட்டும்தான். கடைசி இரண்டு எழுத்துகள் உதிர்ந்துவிடும்.

நெட்வொர்க் சன்னலில் தெரியும் பட்டியலைத் தயாரிப்பது யார்? வீட்டில் தனியாக ஒரு சர்வர் கிடையாது. எனவே பழைய கணினிகள் தங்களுக்குள் ஒரு தேர்தல் நடத்துகின்றன. புதிய இயங்குதளம் கொண்டது எது, அதிக நேரமாக ஓடிக்கொண்டிருப்பது எது என்றெல்லாம் ஒப்பிட்டு ஒரு கணினி பட்டியல் பொறுப்பை ஏற்கிறது. மற்றவை 12 நிமிடத்துக்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்க வேண்டும். மூன்று அறிவிப்புகள் தொடர்ந்து வராவிட்டால்தான் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். அதற்குள் 36 நிமிடம் போய்விடும். பட்டியலின் நகலை வைத்திருக்கும் துணைக் கணினி, 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் அதைப் புதுப்பிக்கிறது. இரண்டையும் கூட்டினால் 51 நிமிடம். அணைத்துவிட்ட கணினி முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பட்டியலில் தெரியலாம். இப்போதுதான் உயிர்பெற்ற கணினி சில நிமிடங்கள் தெரியாமலும் இருக்கலாம்.

புதிய விண்டோஸ் இந்த முறையையே கைவிட்டுவிட்டது. அது வேறொரு விதமாக அறிவிக்கிறது, வேறொரு விதமாகக் கேட்கிறது. மாடியில் இருக்கும் எக்ஸ்பி பழைய முறையில் குரல் கொடுக்கிறது. கீழே இருக்கும் விண்டோஸ் 10 அந்தக் குரலுக்குக் காது கொடுப்பதே இல்லை. ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து கணினியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நான் முதலில் செய்யும் சோதனை இதுதான்: கோப்புறைச் சன்னலின் முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்பது போல, இரண்டு பின்சாய்வுக் கோடுகளோடு மாடிக் கணினியின் ஐபி முகவரியை நேராகத் தட்டச்சு செய்வேன். பகிர்ந்த கோப்புறைகள் திறந்துவிட்டால், குறை பெயரில் மட்டும்தான். அந்த முகவரிக்கு ஒரு குறுக்குவழியைத் திரையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

திறக்கவில்லை என்றால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளான ஃபயர்வாலைப் பாருங்கள். எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு (சர்வீஸ் பேக்) 2004 ஆகஸ்டில் வந்தபோது ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. அதில் கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வுக்கு விலக்கு கொடுத்திருக்க வேண்டும். புதிய கணினியிலிருந்து எதையாவது பகிர்வதென்றால், வீட்டு நெட்வொர்க்கை அது ‘பொது’ என்று குறித்து வைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதுவும் சரியாக இருந்தால் மொழிப் பிரச்சினைதான். எங்கள் வீட்டில் வண்டி நின்றது இங்கேதான்.

கோப்புகளைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் விண்டோஸ் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பல வட்டார வழக்குகள் கிளைத்ததால், உரையாடலின் முதல் வேலையே எந்த வழக்கில் பேசுவது என்று முடிவு செய்வது. எக்ஸ்பி ஒரு கணினியைத் தொடர்புகொள்ளும்போது தனக்குத் தெரிந்த வழக்குகளை வரிசையாகச் சொல்கிறது. வரிசையில் முதலில் வருவது ‘பிசி நெட்வொர்க் புரோகிராம் 1.0’ என்ற 1980-களின் பெயர். கடைசியில் வருவது ‘என்டி எல்எம் 0.12’. எதிர்ப்பக்கம் வரிசை எண்ணைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 2007-இல் பரவலாக விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதன் செய்தி தொடங்கும் முதல் பைட்டே வேறு. பழையது 255 என்ற எண்ணோடு தொடங்கும். புதியது 254 என்ற எண்ணோடு தொடங்கும். எக்ஸ்பிக்கு 254 புரியாது.

புதிய கணினிகளுக்கு இரண்டு பதிப்புகளும் தெரிந்திருந்தவரை யாரும் இதைக் கவனிக்கவில்லை. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் பரவியது. பழைய எஸ்எம்பியில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் கணினியிலிருந்து கணினிக்குத் தானாகத் தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தும், போடாதவர்கள் அவ்வளவு பேர். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் பழைய எஸ்எம்பி முழுமையாக வருவதில்லை; வந்த பகுதியும் பயன்படாமல் கிடந்தால் தானாக நீங்கிவிடுகிறது. மாடிக் கணினி பழுதாகவில்லை. அதன் பேச்சைக் கேட்க மறுப்பது கீழே இருக்கும் கணினி. மறுப்பதற்கு மிக நல்ல காரணமும் இருக்கிறது.

அப்படியானால் படங்களை எப்படி எடுப்பது? விண்டோஸ் 10-இல் ‘விண்டோஸ் அம்சங்கள்’ பட்டியலைத் திறந்து எஸ்எம்பி 1.0 என்ற வரியை விரித்தால், கேட்கும் பக்கமும் கொடுக்கும் பக்கமும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும். கேட்கும் பக்கத்தை, அதாவது கிளையன்ட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். கொடுக்கும் பக்கத்தைத் தொடவே வேண்டாம். பழைய கணினி பகிரட்டும், புதியது போய் எடுத்து வரட்டும். திசையை மாற்றினால், பழைய ஓட்டை மொழியில் வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கெல்லாம் உங்கள் புதிய கணினி பதில் சொல்லத் தொடங்கிவிடும். வேலை நடக்கும்போது இணைய இணைப்பின் கேபிளை ரவுட்டரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்; வீட்டுக்குள் கணினிகள் பேசிக்கொள்ள இணையம் தேவையில்லை.

வீட்டில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் கணினி இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கணினிகளுக்கிடையே ஓடும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, எஸ்எம்பி மொழியைத் தானே கற்று எழுதிய மென்பொருள்தான் சாம்பா. 1992-இல் வெளியானது. எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர் அது. பழைய வழக்கை அனுமதிக்கும்படி அமைத்தால், எக்ஸ்பியோடு பழைய மொழியிலும் விண்டோஸ் 10-ஓடு புதிய மொழியிலும் அது பேசும். நடுவில் உட்கார்ந்த மொழிபெயர்ப்பாளர் போல.

மொழி பொருந்தியதற்கு அடையாளம், திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி. அதைக் கண்டு எரிச்சலடைய வேண்டாம். முதல் மூன்று படிகளும் தாண்டியாகிவிட்டது. இங்கே தடுக்கும் காரணங்களில் முதன்மையானது, வீட்டுக் கணினிகளில் கடவுச்சொல்லே வைக்காமல் விடுவது. கடவுச்சொல் இல்லாத கணக்கைக் கொண்டு நெட்வொர்க் வழியாக நுழைய எக்ஸ்பியும் அதற்குப் பின் வந்தவையும் விடுவதில்லை. எளிய பகிர்வு முறையில் இருக்கும் எக்ஸ்பி, வருபவர் எல்லோரையும் விருந்தினர் கணக்கில்தான் உட்கார வைக்கும். அந்தக் கணக்கு முடக்கப்பட்டிருந்தால் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது.

கவனிக்கப்படாத இன்னொரு காரணம் கடிகாரம். மாடிக் கணினியின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால் கணினியை இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். புதிய விண்டோஸ் அனுப்பும் கடவுச்சொல் சான்றில் நேரமும் சேர்ந்து வருகிறது. இரு கடிகாரங்களும் வெகுவாக விலகியிருந்தால் நுழைவு மறுக்கப்படக்கூடும். கடிகாரத்தைத் திருத்திவிட்டு முயலுங்கள்.

எங்கள் வீட்டில் கிளையன்ட் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, மடிக்கணினியை மறுபடி இயக்கி, முகவரியைத் தட்டச்சு செய்ததும் ‘படங்கள்’ கோப்புறை திறந்தது. பழைய கணினியின் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட்; அதாவது அதிகபட்சம் 12.5 மெகாபைட். 40 ஜிகாபைட் வந்து சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பாவின் குடும்ப வரலாற்றைத் திறந்து கடைசிப் பக்கம் வரை வந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு அந்தப் பெட்டியில் இருந்த குறியை எடுத்துவிட்டேன்.