டிஸ்மார்ஃபாலஜி: தமிழில் உருத்திரிபியல்

குழந்தையின் முகம், காது, கை, கால் அமைந்திருக்கும் விதத்தைக் கூர்ந்து பார்த்து, மரபணுக் கோளாறோ கருவிலேயே நேர்ந்த வளர்ச்சிக் குறையோ இருக்கிறதா என்று கண்டறியும் மருத்துவத் துறை டிஸ்மார்ஃபாலஜி. கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் பிறழ்ந்த, 'மார்ஃபே' என்றால் உருவம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டேவிட் ஸ்மித் 1960களில் வைத்த பெயர் இது. அதற்கு முன்பு டெரட்டாலஜி என்றார்கள். அதன் வேரான 'டெராஸ்' அரக்க உருவைக் குறிக்கும். பெற்ற தாயின் முன்னால் சொல்லக்கூடிய சொல்லா அது? பெயர் மாறியது நல்லதே.

பிறவியிலேயே வரும் மரபுக் கோளாறான டவுன் சிண்ட்ரோமை எடுத்துக்கொள்வோம். கண்ணின் உள்மூலையில் தோல் மடிப்பு, தட்டையான மூக்குத்தண்டு, தூக்கினால் துவளும் தசை, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகன்ற இடைவெளி. உள்ளங்கையை விரித்தால், குறுக்கே ஓடும் இரண்டு ரேகைகளுக்குப் பதிலாக ஒற்றை ரேகை தெரியலாம். ஆனால் அந்த ஒற்றை ரேகை எந்தக் குறையும் இல்லாத பலருக்கும் உண்டு. அதை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. பல அடையாளங்கள் ஒன்றாக வரும்போதுதான் சந்தேகம் எழும். சிண்ட்ரோம் என்பதற்குக் கிரேக்கத்தில் 'சேர்ந்து ஓடுதல்' என்றே பொருள். கூட்டறிகுறி என்ற நம் சொல் அதற்குக் கச்சிதம்.

அனுபவமுள்ள மருத்துவர் பெற்றோரின் முகத்தையும் பார்ப்பார். அப்பாவுக்கும் அதே காது என்றால் அது குடும்பச் சாயலாகவே இருக்கலாம். சந்தேகம் நீடித்தால், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களைப் பரிசோதிப்பார்கள். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் டவுன் சிண்ட்ரோம் உறுதி. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறைபாடும் இருப்பதால் எக்கோ என்னும் இதய ஸ்கேனும் எடுப்பார்கள்.

சரி, டிஸ்மார்ஃபாலஜியைத் தமிழில் எப்படிச் சொல்வது? அங்கவீனம் வேண்டாம், அது ஆளையே குறையாக்கிவிடுகிறது. நம் இலக்கணத்தில், சொற்கள் சேரும்போது நேரும் மாற்றமான விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். ஆறாவது விரல் தோன்றல், வளைந்த பாதம் திரிதல், கட்டைவிரல் இல்லாமை கெடுதல் என்று அப்படியே பொருந்துகிறது. ஆனால் பேச்சில் விகாரம் என்றால் அருவருப்பு என்றாகிவிட்டது. திரிபு என்ற சொல்லில் அந்தக் கறை இல்லை. அதனால் உருத்திரிபியல் என்பதே என் தேர்வு. திரிபு என்பது காரணத்தையும் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. கருப்பையில் பனிக்குடநீர் குறைந்து நெருக்குண்டதால் பாதம் வளைந்த குழந்தைக்கு மரபணுவில் எந்தக் கோளாறும் இல்லாமல் இருக்கலாம். அதற்கும் இச்சொல் பொருந்தும்.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: 'குழந்தைக்கு உருத்திரிபு அடையாளங்கள் சில உள்ளன, குரோமோசோம் பரிசோதனை தேவை.'