லைப்ரரி கார்டு இருந்தா கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்ல காருக்கு காசு கட்ட வேணாம்

ஊர்லேந்து அப்பா அம்மா வந்து தங்குற சீசன் ஆரம்பிச்சாச்சுன்னா சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா வாட்ஸாப் குரூப்ல எல்லாம் ஒரே கேள்விதான், "அவங்களுக்கு முட்டி வலி, ஏத்தம் இல்லாம நடக்குற மாதிரி எங்க கூட்டிட்டு போலாம்?" பதில் சொல்றவங்க இடத்தோட பேர மட்டும் சொல்லிட்டு போய்டுவாங்க, கேட்ல கட்டுற பத்து டாலரயும் கட்டாம உள்ள போக கவர்மென்ட்டே ஒரு வழி வெச்சிருக்குன்னு யாரும் சொல்றதில்ல.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஸ்டேட் பார்க் வாசல்ல வாங்குறாங்களே அது பெரும்பாலும் ஆளுக்கு டிக்கெட் இல்ல, காருக்கு. தனியா போனாலும் அதே காசு, ஏழு பேர் போனாலும் அதே காசு. அந்த காசத்தான் லைப்ரரி பார்க்ஸ் பாஸ் தள்ளுபடி பண்ணுது. 2022ல ஸ்டேட் பார்க்ஸும் ஸ்டேட் லைப்ரரியும் சேந்து ஆரம்பிச்சது, புக் எடுக்குற மாதிரியே பப்ளிக் லைப்ரரில போய் பாஸ எடுத்துட்டு வந்து, போய்ட்டு வந்ததும் திருப்பிக் குடுத்துடணும், அவ்ளோதான் விஷயம். 200க்கு மேல ஸ்டேட் பார்க்ல செல்லும்.

லைப்ரரி கார்டு எடுக்க அட்ரஸ் ப்ரூஃபும் போட்டோ ஐடியும் இருந்தா போதும், விசா என்ன ஸ்டேட்டஸ்னு யாரும் கேக்க மாட்டாங்க. லைப்ரரி சைட்ல புக் தேடுற இடத்துலயே பார்க்ஸ் பாஸ்னு தேடினா வரும். சில லைப்ரரில ஹோல்டு போட்டு, அதாவது உங்க பேர்ல முன்னாடியே எடுத்து வைக்கச் சொல்லி, வாங்கலாம், சிலதுல நேர்ல போய் இருந்தா எடுத்துக்கணும், எத்தன நாள் வெச்சிருக்கலாம்ங்கறதும் லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆபீஸ் முடிச்சிட்டு ஆற அமர போனீங்கன்னா கண்டிப்பா இருக்காது, நான் நாலு தடவ ஏமாந்துட்டு இப்பல்லாம் லீவு போட்டு வார நாள்லதான் போறேன், கூட்டமும் இல்ல பார்க்கிங்கும் ஈஸி.

பாஸ்னா ரியர்வியூ கண்ணாடில மாட்டுற அட்டை. அத மாட்டி வைக்கணும், போன்ல போட்டோ எடுத்து காட்டினாலோ ஜெராக்ஸ் போட்டு வெச்சாலோ செல்லாது. ஒரு பாஸுக்கு ஒரு வண்டி, ஒன்பது பேர் வரைக்கும் உக்கார்ற வண்டியா இருக்கணும், இல்ல ஒரு பைக். அதனால ரெண்டு ஃபேமிலி சேந்து போறதா இருந்தா ரெண்டு கார் எடுத்துட்டு போய் வாசல்ல முழிக்காம ஒரே மினிவேன்ல அடச்சிட்டு போங்க, பின்னாடி சீட்ல யாரு உக்கார்றதுங்கற சண்ட உங்க பொறுப்பு.

இது பகல்ல போய்ட்டு வர்ற பார்க்கிங் காசுக்கு மட்டும்தான். கேம்பிங், கைடு டூர், ஆளுக்கு தனி டிக்கெட் இருக்குற மியூசியம் இதுக்கெல்லாம் செல்லாது. அதவிட பெரிய குழப்பம் எது ஸ்டேட் பார்க் எது இல்லங்கறதுதான், ஏன்னா மரத்த பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல இருக்குற மியூர் வுட்ஸ் காடு ஃபெடரல் கவர்மென்ட்டோடது, அங்க ஆளுக்கு தனியா காசு, பார்க்கிங்கும் முன்னாடியே புக் பண்ணணும், இந்த பாஸ் அங்க வேலைக்கு ஆகாது. கவுண்டி பார்க்குக்கும் ஆகாது. என் மச்சான் ஒரு கவுண்டி பார்க்ல பந்தாவா இத மாட்டிட்டு இட்லிப் பொட்டலத்தோட உள்ள போய்ட்டு திரும்பி வந்தா வைப்பர்ல ஃபைன் சீட்டு சொருகியிருக்கு. ஸ்கைலைன் ரோட்டுல கேஸில் ராக் ஸ்டேட் பார்க், அத ஒட்டியே சான்போர்ன் கவுண்டி பார்க், அதனால போர்ட படிச்சிட்டு வண்டிய விடுங்க.

சரி, முட்டி வலிக்காரங்கள எங்க கூட்டிட்டு போறது? கண்ண மூடிட்டு ஹென்றி கோவல் ஸ்டேட் பார்க். சாண்டா க்ரூஸ் மலையில ஃபெல்டன் ஊர்ல இருக்கு, ஹைவே 9 வழியா உள்ள போகணும், கிரஹாம் ஹில் ரோடு வழியா போனா கேம்ப்கிரவுண்டுக்கு போய்டுவீங்க. வானுயர வளர்ற ரெட்வுட் மரங்களுக்கு நடுவுல சுத்தி வர்ற நடைபாதை, ரெட்வுட் குரோவ் லூப்னு பேரு, 0.8 மைல், நம்ம கணக்குக்கு ஒண்ணேகால் கிலோமீட்டர் பக்கம், ஏத்தமே இல்ல, வீல்சேரும் ஸ்ட்ரோலரும் போகும். எங்கம்மா முதல்ல "மரத்த பாக்கவா இவ்ளோ தூரம், நம்ம ஊர்ல இல்லாத மரமா"ன்னு சலிச்சிக்கிட்டே வந்தாங்க, உள்ள போய் நாலு அடி வெச்சதும் பேச்சே இல்ல, அண்ணாந்து பாத்து கழுத்து வலிச்சதுதான் மிச்சம். இருக்கறதுலயே உசரமான மரம் 270 அடிக்கு மேல. ஃப்ரீமான்ட் மரம்னு ஒண்ணு, அடிப்பக்கம் பொந்து, குனிஞ்சு உள்ள போனா நாலஞ்சு பேர் நிக்கலாம், அம்மா உள்ள நின்னுட்டு "இதுல ஒரு பிள்ளையார வெச்சிருந்தா எவ்ளோ நல்லாருக்கும்"னாங்க. அதே லூப்ல வெள்ளை இலை ரெட்வுட்டும் இருக்கு, பச்சையமே இல்லாம பக்கத்து தாய் மரத்தோட வேர்லேந்து சாப்பாடு உறிஞ்சி வாழுது, சின்னதா புதர் மாதிரிதான் இருக்கும், பாத்து தேடலன்னா தாண்டி போய்டுவீங்க. இந்த லூப்ல நாய்க்கு அனுமதி இல்ல. பக்கத்துலயே ரோரிங் கேம்ப்ல நீராவி ரயில் ஓடுது, அதுக்கு தனி டிக்கெட், பாஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா கூவுற சத்தம் ஓசிலயே கேக்கும்.

அடுத்தது பிக் பேசின். 1902ல வந்தது, கலிஃபோர்னியாவோட முதல் ஸ்டேட் பார்க். 2020 ஆகஸ்ட் தீயில பார்க்கே கிட்டத்தட்ட முழுசா எரிஞ்சு 2022 ஜூலைலதான் திரும்ப திறந்தாங்க. ரெட்வுட் லூப் 0.6 மைல், சமதரைதான், அடிமரமெல்லாம் கரியா இருக்கு, அந்தக் கரியிலேந்தே பச்சையா பொசுபொசுன்னு துளிர் விட்டிருக்கு. இங்க பாஸ் கையில இருந்தாலும் பார்க்கிங்க முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிட்டு போறதுதான் புத்திசாலித்தனம், பாஸ் காசுக்குதான், இடத்துக்கு கியாரண்டி இல்ல. மேல சொன்ன கேஸில் ராக்ல தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா பாறை இருக்கும், பசங்களுக்கு கொண்டாட்டம், ஆனா வேரும் கல்லும் தடுக்கும், பெரியவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

லைப்ரரில பாஸ் சிக்கலன்னா வேற வழியும் இருக்கு. வீட்ல நாலாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை இருந்தா அட்வென்ச்சர் பாஸ் இலவசம், செப்டம்பர் 1லேந்து அடுத்த ஆகஸ்ட் 31 வரைக்கும், ஆனா குறிப்பிட்ட பார்க்குங்களுக்கு மட்டும், லிஸ்ட ஸ்டேட் பார்க்ஸ் சைட்ல பாத்துக்குங்க. கால்வொர்க்ஸ், எஸ்எஸ்ஐங்கற கவர்மென்ட் உதவித்தொகை வாங்குறவங்களுக்கும் வருமானம் கம்மியா இருக்குற, 62 வயசோ அதுக்கு மேலயோ ஆனவங்களுக்கும் கோல்டன் பேர் பாஸ்னு ஒண்ணு இருக்கு, விசிட்டர் விசால வந்த பெரியவங்கள மனசுல வெச்சு போட்ட திட்டம் இல்ல அது. அவங்களுக்கு லைப்ரரி வழிதான் சரி, கார்டு உங்க பேர்ல இருந்தா போதும், கார்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு கணக்கு இல்ல.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அட்டைய கண்ணாடிலேந்து கழட்டி லைப்ரரி பைல போட்டுடுங்க. நான் ஒரு தடவ கழட்ட மறந்து காலைல அப்படியே ஆபீஸ் பார்க்கிங் வரைக்கும் போய், ட்யூ டேட் தாண்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. தொலச்சாலோ கிழிச்சாலோ உங்க தலைலதான் பில் போடுவாங்க, அடுத்து ஹோல்டு போட்டிருக்கறவர் யாரோ, அவர் வீட்லயும் ஊர்லேந்து ஆள் வந்திருக்கலாம்.