ரெண்டு பஸ் ஏன் ஒட்டிக்கொண்டே வருகிறது?

கால் மணி நேரம் எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, ஒரே நம்பரில் இரண்டு பஸ் சேர்ந்து வருமே, முன்னதில் படிக்கட்டு வரை ஆள், பின்னதில் ஜன்னல் சீட்டே காலி. தவணையிலாவது ஒரு கார் வாங்கிவிடலாம் என்று பலருக்குத் தோன்றுவது அப்போதுதான். டிரைவரைத் திட்டிப் பயனில்லை. இது கணக்கு. 1964லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

பத்து நிமிட இடைவெளியில் கிளம்பிய பஸ்களில் ஒன்று சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கான ஆட்களும் சேர்ந்து நிற்பார்கள். ஏற நேரமாகும், கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்திவிட்டு விசில் கொடுக்க இன்னும் நேரமாகும், அதற்குள் அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் ஏறியிருக்கும். பின்னால் வருவதற்கோ ஏற்றிக்கொள்ள ஆளே குறைவு. விறுவிறுவென்று வந்து ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால், சராசரியாக 5 நிமிடம் நிற்போம். அதே பஸ்கள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால்? எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். சராசரி 8.2 நிமிடம் ஆகிவிடும்.

சரி, வெறுத்துப்போய் ஒருவர் கார் வாங்குகிறார். அந்தக் காரும் அதே ரோட்டில்தான் போகும், பஸ் இன்னும் மெதுவாகும், அதே பஸ்ஸால் ஒரு நாளைக்கு முன்னைப்போல அத்தனை ட்ரிப் அடிக்க முடியாது, இடைவெளி இன்னும் விரியும். 1972இல் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் இதன் மறுபக்கத்தை விளக்கினார்: பயணிகள் கூடக்கூட அதற்கேற்ப பஸ்ஸைக் கூட்டினால், புதிதாக வந்தவருக்கு மட்டுமல்ல, பழைய பயணிக்கும் காத்திருப்பு குறையும். நெரிசலான ரோட்டில் புதிதாக ஏறும் கார் ஒவ்வொன்றும் மற்ற எல்லோரையும் தாமதப்படுத்துகிறது. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகிறது.

அதனால்தான் பஸ்ஸுக்குத் தனித் தடம் வேண்டும் என்கிறேன். வேகத்துக்காக மட்டுமல்ல, சிக்னலில் போகும் அந்த முதல் இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றத்தான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு எல்லாக் கதவு வழியாகவும் ஏறவிட்டாலும் நிறுத்தத்தில் நிற்கும் நேரம் நன்றாகக் குறையும்.