உங்கள் பாலிசிக்குப் பின்னால் ஒரு எம்.பி.யின் பேச்சு இருக்கிறது

ஆயுள் காப்பீட்டுத் தொழிலில் இருப்பவர்களிடம் எந்த ஊரிலும் முதலில் வந்து விழும் கேள்வி, "போட்ட பணம் பத்திரமா திரும்பி வருமா?" என்பதுதான். லாபம் எவ்வளவு, வரிச்சலுகை உண்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எல்ஐசி பாலிசியாக இருந்தால் பெரும்பாலான ஏஜெண்டுகள், "கவர்மெண்ட் கேரண்டி சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது உண்மைதான். எல்ஐசி சட்டத்தின் 37-ஆவது பிரிவு, காப்புத் தொகைக்கும் அறிவிக்கப்பட்ட போனஸுக்கும் மத்திய அரசே பொறுப்பு என்று சொல்கிறது. அந்தப் பிரிவு எப்படி வந்தது என்று கேட்டால் நம் ஆட்களில் பலர் விழிப்பார்கள். நான் பயிற்சி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பிரீமியம் அட்டவணையைத் தொடுவேன்.

1956-க்கு முன்னால் இந்தியாவில் ஆயுள் காப்பீடு பெரும்பாலும் தனியார் கையில் இருந்தது. இந்தியக் கம்பெனிகள் 154, வெளிநாட்டுக் கம்பெனிகள் 16, பிராவிடண்ட் சங்கங்கள் 75, ஆக மொத்தம் 245. எல்லாமே மோசமில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் இன்று எல்ஐசி கட்டடம் என்று நாம் அடையாளம் சொல்லும் 14 மாடியைக் கட்டத் தொடங்கியதே யுனைடெட் இந்தியா என்ற தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிதான். ஆனால் மறுபக்கமும் இருந்தது. பத்தாண்டுகளுக்குள் 25 கம்பெனிகள் மூடப்பட்டன. இன்னொரு 25, பணத்தைக் கரைத்துவிட்டு வேறு கம்பெனிகளின் தலையில் கட்டப்பட்டன. நஷ்டம் பாலிசிதாரர்களுக்கு. இதைச் சொன்னவர் அன்றைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்.

பணம் எப்படிக் கரைந்தது என்பதை நாடாளுமன்றத்தில் ஆதாரத்தோடு அவிழ்த்துக் காட்டியவர் ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன், இந்திராவின் கணவர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். 1952-இல் மக்களவைக்கு வந்த அவர், முதல் சில ஆண்டுகள் பெரிதாகப் பேசவில்லை. 1955 டிசம்பர் 6 அன்று காப்பீட்டுச் சட்டத் திருத்த மசோதா விவாதத்துக்கு வந்தபோது எழுந்தார். ராமகிருஷ்ண டால்மியா தலைவராக இருந்த பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணம், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று எப்படிச் சுற்றியது என்பதை அவைக்கு எடுத்து வைத்தார். கோபமாகக் கத்திய பேச்சு இல்லை அது. கணக்கு பேசியது. இருப்புநிலைக் குறிப்புகளை உட்கார்ந்து வாசித்த ஒருவரால் மட்டுமே அப்படிப் பேச முடியும்.

டால்மியா மீதான வழக்கு தனியாக நடந்து, பாரத் இன்சூரன்ஸின் 2 கோடி ரூபாய்க்கு மேல் கையாடப்பட்டது நீதிமன்றத்தில் நிரூபணமானது. அவர் சிறைக்கும் போனார். உச்ச நீதிமன்றம் 1962-இல் அதை உறுதி செய்தது.

பெரோஸ் பேசி ஆறு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. அத்தனை கம்பெனிகளின் நிர்வாகமும் அரசின் கைக்குப் போனது. அன்று மாலை தேஷ்முக் வானொலியில் பேசி நாட்டுக்கு அறிவித்தார். அந்த ஆண்டு நாடாளுமன்றம் எல்ஐசி சட்டத்தை நிறைவேற்றியது, செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்தோடு எல்ஐசி பிறந்தது. நான் சொன்ன 37-ஆவது பிரிவு அந்தச் சட்டத்தில் இருப்பதுதான். ஒரு எம்.பி. பேசியதால்தான் தேசியமயம் வந்தது என்று சொன்னால் மிகை. அரசாங்கத்துக்குள் அந்த யோசனை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்க முடியாதபடி செய்தது அந்தப் பேச்சு.

தேசியமயம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்தது. 1957 ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ராவுக்குச் சொந்தமான ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்ஐசி சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் கம்பெனிகளோ தள்ளாடிக்கொண்டிருந்தன. முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே பேரம் முடிந்திருந்தது. அன்றைக்குச் சுமார் 55 லட்சம் பாலிசிதாரர்கள். அவர்கள் மாதாமாதம் சிறுகக் கட்டிய பிரீமியம்தான் அந்த ஒன்றேகால் கோடி.

முதலில் ராம் சுபக் சிங் என்ற காங்கிரஸ் எம்.பி. கேள்வி நேரத்தில் இதைத் தொட்டார். வந்த பதில் வழவழ கொழகொழ. அதே விஷயத்தைப் பெரோஸ் 1957 டிசம்பர் 16 அன்று முழு விவாதமாக எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே, நான் அடித்தால் பலமாக அடிப்பேன், அதைவிடப் பலமான அடியை எதிர்பார்த்தே வந்திருக்கிறேன், எதிர்த்தரப்பிடம் டி.என்.டி. வெடிமருந்து ஏராளம் இருப்பதும் தெரியும் என்கிற பொருளில் பேசினார். எதிரே நிதியமைச்சராக உட்கார்ந்திருந்தவர் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் ஊரில் டி.டி.கே. இருவரும் ஒரே கட்சி.

அரசு விசாரணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனியொருவராக விசாரித்தார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். சில வாரங்களிலேயே அறிக்கை வந்துவிட்டது. இன்று ஒரு கமிஷன் அறிக்கைக்கு நாம் எத்தனை ஆண்டு காத்திருக்கிறோம் என்று யோசித்தால் பெருமூச்சுதான் வரும். நிதித்துறைச் செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா சொன்னார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பிறகு 1963-இல் மறுபடி நிதியமைச்சராக வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேரத்தில் அவர் சொந்த லாபம் பார்த்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

பெரோஸின் இன்னொரு காரியம் சட்டமாகவே நின்றது. அவையில் ஒரு எம்.பி. எதைப் பேசினாலும் அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவு அவரைக் காப்பாற்றும், வழக்குப் போட முடியாது. ஆனால் அதை அப்படியே அச்சிட்ட பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. டால்மியா பற்றி அவையில் ஒருவர் பேசியதைப் போடும் ஆசிரியர், அவதூறு வழக்கை எதிர்பார்த்தே போட வேண்டும். பெரோஸ் இதற்கு ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா, கொண்டுவந்தார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஏறத்தாழ உள்ளபடியே, கெட்ட எண்ணமில்லாமல் வெளியிட்டால் வழக்கு கிடையாது. 1956-இல் அது சட்டமானது. சுதந்திர இந்தியாவில் இன்றுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அரிது என்று புரியும். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், இந்திரா காந்தியின் அரசே அந்தச் சட்டத்தை நீக்கியது. பெரோஸ் 1960-லேயே இறந்துவிட்டார். 1977-இல் ஜனதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு 44-ஆவது திருத்தம் அதை 361ஏ என்று அரசியலமைப்புக்குள்ளேயே சேர்த்துவிட்டது.

இப்போதெல்லாம் அப்படி யாராவது பேச முடியுமா, கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே என்று வகுப்பில் கேட்பார்கள். 1985-இல் வந்த அந்தச் சட்டம், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், வாக்களிக்காமல் இருந்தால் பதவியைப் பறிக்கும். சொந்தக் கட்சி அமைச்சரிடம் கணக்குக் கேட்பதை அதன் எந்த வரியும் தடுக்கவில்லை. அடுத்த முறை சீட்டு கிடைக்குமா என்பதுதான் வாயைக் கட்டுகிறது. என் கணிப்பு அவ்வளவுதான்.

சரி, இன்றைய பாலிசிக்கு வருவோம். 37-ஆவது பிரிவின் உத்தரவாதம் எல்ஐசிக்கு மட்டும். நம் ஊரில் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் "எல்ஐசி போட்டிருக்கேன்" என்று சொல்வது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாண்டில் கம்பெனி பெயரைப் பாருங்கள். தனியார் கம்பெனிகளை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கண்காணிக்கிறது. அது வேறு வகைப் பாதுகாப்பு, அரசின் உத்தரவாதம் அல்ல. எல்ஐசியிலும் யூனிட் வகைத் திட்டம் எடுத்தால் சந்தையில் யூனிட் மதிப்பு இறங்குவதற்கு அரசு ஈடு கட்டாது.

இன்னொன்று, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொருந்தும் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. மூன்று ஆண்டு முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. முன்பு இரண்டு ஆண்டு என்று இருந்தது, ஆனால் மோசடி என்று சொல்லி அதற்குப் பிறகும் இழுக்க வழியிருந்தது. 2008-இல் மாநிலங்களவைக்கு வந்த திருத்த மசோதா, நிலைக்குழு, தேர்வுக்குழு என்று அலைந்து, கடைசியில் 2015-இல் வேறு மசோதாவாக நிறைவேறியபோதுதான் இப்போதைய வடிவம் கிடைத்தது. அந்நிய முதலீடு 49 சதவீதமா என்ற சண்டைதான் அப்போது செய்தியில் வந்தது. பாலிசிதாரர் குடும்பத்துக்கு நேரடியாக உதவும் 45-ஐப் பற்றி யாரும் பேசவில்லை. கிளைம் நிராகரிப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் இதுதான்: பிரீமியம் கட்டாமல் பாலிசி லேப்ஸ் ஆகி, உடல்நல அறிக்கை கொடுத்துப் புதுப்பித்திருப்பார்கள். மூன்று ஆண்டுக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். அந்த அறிக்கையை ஏஜெண்ட் நிரப்பட்டும் என்று வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுத்தால் எழுதுங்கள். நிராகரித்தாலும் பாலிசிதாரர் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம்.

காப்பீட்டுச் சட்டத்தில் திருத்தம் வரும்போதெல்லாம் உங்கள் தொகுதி எம்.பி. அந்த விவாதத்தில் பேசினாரா என்று பார்க்கலாம். மக்களவை விவாதங்கள் 1952-லிருந்து நாடாளுமன்ற மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால் கேள்விகளும் பேச்சுகளும் தேதியோடு வரும். 1955 டிசம்பர் 6, 1957 டிசம்பர் 16 இரண்டையும் முதலில் வாசியுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் இருப்புநிலைக் குறிப்பைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கடினமே இல்லை.