மன்சஃப்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

மந்தி, கப்ஸா மாதிரி அரபு கறிச்சோறு எல்லாம் நம்ம ஊர் ஹோட்டல் போர்டு வரைக்கும் வந்தாச்சு, ஜோர்டானோட மன்சஃப் மட்டும் இன்னும் அந்த அளவுக்கு பழகல, அதனாலயோ என்னவோ தமிழ்ல எழுதுறவங்க சிலபேர் "ஜோர்டான் பிரியாணி"ன்னு போட்டுட்டு போயிடறாங்க. பிரியாணிக்கும் இதுக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாதுங்க. அங்க கறியும் அரிசியும் சேர்ந்து தம்முல கெடக்கும், இங்க ஆட்டுக்கறி புளிச்ச மோர்ல வேகும், சோறு தனியா நெய் போட்டு வேகும், ரெண்டும் சந்திக்கறதே தட்டுல தான்.

அந்த தட்டுக்கு பேரு தான் மன்சஃப். விருந்துல நடுவுல வைக்கிற பெரிய வட்டத் தட்டு, அதோட பேரே சாப்பாட்டுக்கும் ஒட்டிக்கிச்சு. ஸ்கூல்ல ஆகுபெயர் படிச்சிருப்பீங்க, "பாலை இறக்கு"ன்னா பால் இருக்கற பாத்திரத்தை இறக்கறோம்ல, இது அப்படியே தலைகீழ்.

இதோட அரபு வேர்ச்சொல் நஸஃப. தானியத்தை தூத்தறது, தூளாக்கி பறக்க விடறதுன்னு அர்த்தம் போகும். குர்ஆன்ல தாஹா அத்தியாயம் 105வது வசனம், மறுமையில மலைகளை தூளாக்கி பரத்திடுவான்னு வர்றது இதே வேர் தான், இன்னிக்கு அரபு செய்தியில குண்டு வச்சு தகர்த்தாங்கங்கறதுக்கும் இதே தான். சல்லடைக்கு மின்சஃப்னு பேரு. சல்லடை, புடைக்கிற தட்டு, பரிமாறுற தட்டு எல்லாமே அகலமா வட்டமா இருக்கறதால பேரு இப்படி நகர்ந்திருக்கும்னு தான் எனக்கு படுது.

இன்னொரு கதையும் ஓடுது. இன்னிக்கு ஜோர்டான் இருக்கற பக்கம் அந்த காலத்துல இருந்த மோவாப் நாட்டு ராஜா மேஷா, கறியை பால்ல சமைக்கக்கூடாதுங்கற யூத விதியை "தகர்க்க" சொல்லி இதை சமைக்க வச்சாராம், அதான் மன்சஃப்னு ஆச்சாம். கேக்க ஜோரா இருக்கு. ஆனா மேஷா கி.மு. 9ஆம் நூற்றாண்டு ஆளு, அவரு கல்வெட்டு மோவாபிய மொழியில இருக்கு, அவரு எதுக்கு அரபுல பேரு வைக்கப்போறாரு? பேருக்கு அப்புறமா கட்டின கதை, அவ்ளோ தான்.

சரி, சமையலுக்கு வருவோம், ஏன்னா இதுல இன்னொரு சொல் மாட்டிக்கிட்டு இருக்கு: ஜமீத். நிறைய பேர் "காய்ந்த தயிர்"ன்னு எழுதறாங்க, நான் மோர்க்கட்டின்னு தான் சொல்லுவேன். செம்மறி ஆட்டுப்பால் இல்லன்னா வெள்ளாட்டுப்பாலை புளிக்க வச்சு, கடைஞ்சு, வெண்ணெய எடுத்துட்டு, மிச்சம் நிக்கிற மோரை சூடு பண்ணி துணியில கட்டி தொங்க விட்டு, உப்பு போட்டு பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு காய வைக்கறாங்க. வெண்ணெய் போன பிறகு அது தயிர் எங்க, மோர் தானே. நிழல்ல காய்ஞ்சா வெள்ளையா இருக்கும், வெயில்ல காய்ஞ்சா மஞ்சளாகும். ஜமீத்ங்கற சொல்லுக்கும் உறைஞ்சது, இறுகினதுன்னு தான் பொருள், கையில எடுத்து பாத்தா கூழாங்கல்லு தோத்துடும். ஜோர்டான்ல கரக் ஊரு ஜமீத்துக்கு தனி மவுசு.

இதை உடைச்சு ராத்திரியே தண்ணியில போட்டுட்டு, மறுநாள் நல்லா கரைச்சு வடிகட்டி அடுப்புல ஏத்தி, கொதி வர்ற வரைக்கும் கரண்டிய விடாம கிண்டணும். கறியை முதல்ல தனியா வேக வச்சு நுரைய எடுத்துட்டு, அப்புறம் இந்த மோருக்குள்ள இறக்கி மெத்துனு ஆகற வரைக்கும் மெதுவா வேக விடணும், மசாலான்னு பெருசா ஒண்ணுமில்ல, ஏலக்காய், பிரிஞ்சி இலை மாதிரி கொஞ்சம் வாசனைக்கு. ஜமீத் கிடைக்கலன்னு தயிர்ல செய்யறவங்க சோளமாவோ முட்டை வெள்ளைக்கருவோ சேர்க்கறாங்க, நம்ம மோர்க்குழம்புல அரைச்சு விடற அரிசி, பருப்பு செய்யற அதே வேலை தான், இல்லன்னா திரிஞ்சு திப்பி திப்பியா நிக்கும். ஆனா அந்த புளிப்பு வராது.

தட்டுல முதல்ல ஷ்ராக், அதாவது கவுத்து வச்ச இரும்பு சட்டி மேல சுடற மெல்லிசு ரொட்டி, மேல சூடா மோர் தெளிச்சு ஊற விடறது, அதுக்கு மேல சோறு, அப்புறம் கறி, நெய்யில வறுத்த பாதாம், பைன் கொட்டை. அரிசி வர்றதுக்கு முன்னாடி உடைச்ச கோதுமை தான் இருந்துச்சு. சுத்தி நின்னு வலது கையால உருட்டி வாயில போட்டுக்குவாங்க, இடது கை முதுகுக்கு பின்னாடி. கல்யாணம், சாவு, பஞ்சாயத்து பேசி சமாதானம் ஆகறது எல்லாத்துக்கும் இது தான், 2022ல யுனெஸ்கோ பண்பாட்டு மரபு பட்டியல்லயும் ஏறிடுச்சு.

இப்ப தமிழ் சொல். தாம்பாளச் சோறுன்னு சொன்னா அரபு சொல்லோட அர்த்தம் நேரா வந்துடும், என் ஓட்டு அதுக்கு தான். காயல்பட்டினம் பக்கம் ஒரே தட்டுல சுத்தி உக்காந்து சாப்பிடற சஹன் சாப்பாடு இருக்கே, அந்த சஹனும் தட்டுக்கான அரபு சொல் தான், அதனால அங்க உள்ளவங்களுக்கு சஹன் சோறுன்னா இன்னும் சட்டுனு புரியும். பொதுவா எழுதும்போது மன்சஃப்னே எழுதிட்டு, முதல் தடவை மட்டும் "மோர்க்கட்டிக் குழம்பு ஊத்தின ஆட்டுக்கறி தாம்பாளச் சோறு"ன்னு விளக்கிட்டா போதும். ஜோர்டான் தலைநகர் அம்மான்ல பேப்பர் கப்புல மன்சஃப் விக்க ஆரம்பிச்சப்ப இதெல்லாம் மன்சஃபான்னு ஒரே சண்டை, தட்டே இல்லாம பேரு மட்டும் இருந்தா கேக்கத்தானே செய்வாங்க.