விசிட் விசாவில் வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டால்

செட்டிநாட்டில் கடல் கடந்து போவது புதிதல்ல. அப்பச்சி காலத்தில் ரங்கூன், பினாங்கு என்று கப்பலேறினார்கள். இன்று தேவகோட்டை, கல்லல் பக்கத்துப் பிள்ளைகள் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். அதனாலேயே வெளிநாட்டு வேலை என்றால் இங்கே யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை.

"தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, இப்போதைக்கு விசிட் விசா, அங்கே போய் மாத்திக்கலாம் தம்பி" என்கிறார் ஏஜென்ட். இப்படிப் போன பலரை, தமிழர்கள் உட்பட, 2022 வாக்கில் எல்லை ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஆன்லைன் மோசடி செய்யவைத்தார்கள்.

இந்த ஒரே பயணத்தில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. காசுக்காகக் கள்ளத்தனமாக எல்லை தாண்டவைப்பது ஒன்று. ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய்ச் சுரண்டுவது இன்னொன்று; இதுதான் ஆள்கடத்தல். 2000-இல் ஐ.நா. இரண்டுக்கும் தனித்தனி உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா 2011-இல் இரண்டையும் ஏற்றது.

மீண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "நானாத்தானே சம்மதிச்சுப் போனேன்" என்பது. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் செல்லாது என்கிறது ஆள்கடத்தல் உடன்படிக்கை. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கடத்தியவருக்குக் குறைந்தது 7 ஆண்டு கடுங்காவல். பாஸ்போர்ட் கையில் இல்லையா? பாதிக்கப்பட்டவர் தன் குடிமகன்தானா என்று சரிபார்த்து, பயண ஆவணம் கொடுத்து, தாமதமில்லாமல் திரும்ப ஏற்பது சொந்த நாட்டின் கடமை. அதனால் இந்தியத் தூதரகத்தைத் தயங்காமல் அணுகலாம். விசா காலம் தாண்டித் தங்கியதற்கு அந்த நாட்டுச் சட்டப்படி அபராதம் வரலாம், அது தனி.

சரி, போகும் முன்பு? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். பத்தாவது முடித்தவருக்கு, வேலைக்குப் போகும் முன் அரசிடம் வாங்கும் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால் இந்த ஏஜென்ட் பதிவு விதியும் கிடையாது என்று சிலர் அளப்பார்கள், தப்பு. சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டாலே யோசிக்க வேண்டும். ஊரில் வந்து பேசும் சப்-ஏஜென்டைச் சட்டம் அங்கீகரிப்பதில்லை, அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும். ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பிறகு போலீசில் புகார் கொடுக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.